டிவியில் பார்த்ததற்கும் தண்ணீரில் இறங்கியதற்கும் நடுவில்

பாராலிம்பிக் வீரர்களைப் பற்றி எழுதும்போது "ஊக்கம்" என்ற சொல்லைச் சட்டுன்னு போட்டுவிடுகிறோம். ஒருத்தரைப் பார்த்தார், ஊக்கம் பெற்றார், ஜெயித்தார், கதை முடிஞ்சது. ஆனால் பார்ப்பதற்கும் ஜெயிப்பதற்கும் நடுவில் என்னதான் நடக்கிறது? பிரேசில் நீச்சல் வீரர்கள் இருவரின் வரலாற்றைப் படித்தபோது எனக்குக் கிடைத்த பதிலை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலாமவர் குளோடோஆல்டோ சில்வா. வடகிழக்கு பிரேசிலின் நடால் நகரத்துக்காரர். பிறக்கும்போது ஆக்ஸிஜன் குறைந்ததால் மூளை முடக்குவாதம். 1996ல் சிகிச்சைக்காகத்தான் முதலில் குளத்தில் இறங்கினார். 2000 சிட்னியில் நான்கு பதக்கங்கள். 2004 ஏதென்ஸில் ஆறு தங்கம், ஒரு வெள்ளி.

அந்த ஏதென்ஸ் போட்டியை டிவியில் பார்த்தவர்களில் ஒருவர், 16 வயது டேனியல் டயஸ். இரண்டு கைகளும் வலது காலும் முழுதாக வளராமல் பிறந்தவர். அதற்குப் பிறகுதான் நீச்சல் கற்றுக்கொள்ளப் போனார். எட்டே வகுப்புகளில் நான்கு வகை நீச்சலையும் பிடித்துக்கொண்டார் என்கிறார்கள். நான்கு வருடம் கழித்து 2008 பெய்ஜிங்கில் 9 பதக்கங்கள். 2012 லண்டனில் ஆறு தங்கம். 2016 ரியோவில் மறுபடியும் 9. டோக்கியோவோடு ஓய்வு பெற்றபோது மொத்தம் 27 பதக்கங்கள், அதில் 14 தங்கம்.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பாரா நீச்சலில் உடல் குறைபாடு உள்ளவர்களை எஸ்1 முதல் எஸ்10 வரை பிரிக்கிறார்கள். எண் சின்னதாக இருந்தால் பாதிப்பு அதிகம். மருத்துவ, விளையாட்டு நிபுணர்கள் பரிசோதித்து வகுப்பை முடிவு செய்வார்கள், பிறகு மாற்றவும் செய்வார்கள். எஸ்4ல் நீந்திய சில்வாவை பெய்ஜிங்கில் எஸ்5க்கு மாற்றினார்கள். அது டயஸ் நீந்திய வகுப்பு! அந்த முறை சில்வாவுக்குத் தங்கம் கிடைக்கவில்லை. பிறகு வகைப்படுத்தும் விதிகள் திருத்தப்பட்டு, எஸ்6ல் இருந்த சிலர் எஸ்5க்கு வந்தார்கள். டோக்கியோவில் டயஸுக்குக் கிடைத்தது மூன்று வெண்கலம். இரண்டு பேருக்கும் ஒரே அனுபவம்தான். உடம்பு அதே உடம்பு, உழைப்பும் அதே உழைப்பு, ஆனால் பக்கத்து லேனில் நிற்கும் ஆள் வேறு.

அதனால்தான், ஒரு பாரா நீச்சல் வீரர் விட்டுச்செல்வதைப் பதக்கத்தை மட்டும் வைத்து அளக்க முடியாது என்று நினைக்கிறேன். ரியோவில் தொடக்க விழா ஜோதியை ஏற்றியவர் சில்வா. சக்கர நாற்காலியில் அவர் வந்து நின்ற இடத்தில் படிக்கட்டு இருந்தது. அந்தப் படிக்கட்டு பிரிந்து சாய்தளமாக மாறியது, மேலே போய் ஏற்றினார். அதே போட்டியில் 20 புள்ளி கலப்பு ரிலேயில் பிரேசில் வெள்ளி வென்றது. நான்கு பேரின் வகுப்பு எண்களைக் கூட்டினால் 20ஐத் தாண்டக்கூடாது என்பதுதான் அந்தப் பெயருக்குக் காரணம். அந்த அணியில் சில்வாவும் இருந்தார், டயஸும் இருந்தார்.

டயஸ் தன் பங்குக்கு என்ன செய்தார்? 2014ல், இன்னும் போட்டிகளில் நீந்திக்கொண்டிருந்தபோதே, சாவோ பாவ்லோ மாநிலத்தின் பிரகான்சா பவுலிஸ்டாவில் தன் பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கினார். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் நீச்சல் சொல்லித்தரும் இடம் அது.

என் கேள்விக்கான பதில் இதில்தான் இருக்கிறது. டயஸுக்கு டிவி ஆசையைத்தான் கொடுத்தது. ஒரு கை குட்டையாக இருக்கும் பிள்ளை எப்படித் தண்ணீரைத் தள்ளணும், ஒரு காலால் எப்படிச் சமன் செய்யணும் என்பதைச் சொல்லித்தர ஒரு குளமும் ஒரு பயிற்சியாளரும் தேவைப்பட்டார்கள். அவருக்கு அது 16 வயதில் கிடைத்தது. கிடைக்காமல் போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று எந்தப் பதக்கப் பட்டியலிலும் இருக்காது. மேடையில் நின்று பேசுவதும் நல்லதுதான், பேச்சு கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் பிள்ளைக்கு மறுநாள் காலை இறங்க ஒரு குளம் இருக்கிறதா என்று பார்க்கிறவரைத்தான் நான் வழிகாட்டி என்பேன்.