சேலத்தில் பிறந்த காக்பர்ன் மகள்

சேலம் கோரிமேட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். நாமக்கல்லில் வாத்தியாராக இருக்கும் என் தங்கை மகன் எதிரே தெரிந்த, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையைக் காட்டி, "ஏற்காட்டின் தந்தைன்னு ஒரு வெள்ளைக்காரரைச் சொல்றாங்களே, யாரு மாமா அவரு?" என்றான்.

நிதானமாகச் சொல்ல வேண்டிய கதை. இன்னும் இரண்டு டீ சொன்னேன்.

முதலில் ஒரு சிக்கலை அவிழ்க்க வேண்டும். 1842-ல் சர் தாமஸ் மன்றோ ஏற்காட்டைக் கண்டுபிடித்தார் என்று பல சுற்றுலாக் குறிப்புகள் சொல்கின்றன. ஆனால் மன்றோ 1827-லேயே காலராவில் இறந்துபோனார். அவர் 1792-ல் திப்புவிடமிருந்து பாரமகால் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனபோது, அலெக்சாண்டர் ரீடின் கீழ் இங்கே வரி நிர்வாகம் பார்த்தவர். அதோடு, மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மலையை இன்னொருவர் வந்து கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?

நீ கேட்டவர் காக்பர்ன். ஸ்காட்லாந்துக் குடும்பம். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டர். பல இடங்களில் 'டேவிட் காக்பர்ன்' என்று எழுதுகிறார்கள். உண்மையான பெயர் மாண்டேக் டண்டாஸ் காக்பர்ன். காபி, ஆப்பிள், பேரிக்காய் எல்லாம் இந்த மலைக்கு அவர் காலத்தில் வந்தவை. காபி இந்தியாவுக்குப் புதிதல்ல, கர்நாடகத்தின் பாபாபுதன் மலையில் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. சேர்வராயனில் அது வேர்பிடித்ததுதான் காக்பர்ன் காலத்துச் செய்தி.

"அதோட முடிஞ்சுதா மாமா?"

இல்லை, எனக்குப் பிடித்த பகுதியே இனிமேல்தான். 1829-ல் இதே சேலத்தில் அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். மார்கரெட் காக்பர்ன். குடும்பம் பிறகு நீலகிரி மலையில் உள்ள கோத்தகிரியில் குடியேறியது. அங்கேயும் அப்பா காபி போட்டார். மகள் 1860-களில் தேயிலை போட்டார். கோத்தகிரியில் முதன்முதலாகத் தேயிலை பயிரிட்டவர்களில் அவர் ஒருவர்.

தோட்ட வேலைக்கு நடுவே அவர் பறவைகளைக் கவனித்தார். கூடு எந்த மரத்தில், எதனால் பின்னியது, முட்டைக்கு என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் குறித்துவைத்தார். பறவைகளையும் செடிகளையும் வண்ணத்தில் வரைந்தார். பிற்காலத்தில் காங்கிரஸை நிறுவியவர்களில் ஒருவரான ஏ.ஓ. ஹியூம், இந்தியப் பறவைகளின் கூடுகள், முட்டைகள் பற்றி எழுதிய நூலில் இவருடைய குறிப்புகளைச் சேர்த்துக்கொண்டார். ஓவியங்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1928 வரை வாழ்ந்தார். கிட்டத்தட்ட நூறு வயது.

அப்பா ஆட்சி செய்ய வந்தவர். அதிகாரம் கையில் இருந்ததால் அவர் பெயர் நின்றது. மகளுக்குப் பதவி எதுவும் இல்லை. வாழ்ந்த மலையை ஆயுள் முழுக்கக் கண்விரித்துப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகவாவது சேலம் அவரைத் தன் பிள்ளையாக எண்ண வேண்டும் என்பது என் ஆசை.

மருமகன் டம்ளரைக் கீழே வைத்தான். "பேரை இன்னொரு வாட்டி சொல்லுங்க மாமா, நாளைக்குக் கிளாஸ்ல சொல்றேன்."

எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.