முடியப்பன் எந்த மொழிப் பெயர் தெரியுமா?

மதுரைச் சீமையின் கத்தோலிக்கக் குடும்பங்களில் 'முடியப்பன்' என்று பெயர் வைப்பார்கள். சுத்தத் தமிழ்ப் பெயர்தானே என்கிறீர்களா? அதன் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது!

● கிரேக்கத்தில் 'ஸ்டெபனோஸ்' என்றால் கிரீடம். ஆங்கிலத்தில் அது ஸ்டீபன். தமிழிலோ பொருளையே பெயர்த்து 'முடியப்பர்' ஆக்கிவிட்டார்கள்! மீனாட்சிக்கே முடிசூட்டி மகிழும் ஊருக்கு எவ்வளவு பொருத்தம்!

● முதல் முடியப்பர் யார் தெரியுமா? எருசலேமில் பந்தி விசாரிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட 7 பேரில் முதல்வர். ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள்! கல்லெறிந்து கொல்லப்பட்ட முதல் கிறிஸ்தவ மறைசாட்சி இவரே. திருநாள் டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாளே!

● கல்லெறிந்தவர்களின் மேலாடைகளுக்குக் காவல் நின்ற இளைஞன் யார் தெரியுமா? பின்னாளில் பவுல் ஆன சவுல்! நம் ஊர்களில் அவர் பெயர் சின்னப்பர்!

● 752-இல் ஸ்டீபன் என்பவர் போப்பாகத் தேர்வானார். சில நாட்களிலேயே, பதவியேற்கும் முன்பே மரணம்! அவரைக் கணக்கில் சேர்ப்பதா, வேண்டாமா? அடுத்து வந்த ஸ்டீபன்களுக்கெல்லாம் இரட்டை எண்!

● 897-இல் போப் ஆறாம் ஸ்டீபன் செய்ததைக் கேட்டால் நடுங்குவீர்கள். இறந்துபோன போப் ஃபார்மோசஸின் உடலைத் தோண்டியெடுத்து, அரியணையில் உட்கார வைத்து விசாரணை நடத்தினார்! அதே ஆண்டில் அவரும் சிறையில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார்!

● 6-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோபிளில் ஒரு ஸ்டீபன். ஊர்ப் பெயர்களுக்கென்றே மாபெரும் அகராதி தொகுத்தார்! இன்று மிஞ்சியிருப்பதில் பெரும்பகுதி அதன் சுருக்கம்தான்!

● நம் பக்கமும் உண்டு! 1939 முதல் 1945 வரை திருநெல்வேலியின் ஆங்கிலிக்கன் பேராயர் ஸ்டீபன் நீல். இந்தியக் கிறிஸ்தவ வரலாற்றை இரண்டு பெரிய தொகுதிகளாக எழுதியவர்!

● பெயரின் பொருளைத் தமிழாக்கும் வித்தை முடியப்பரோடு நின்றதா? அந்திரேயா பெலவேந்திரர் ஆனார்! 1693-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட ஜான் டி பிரிட்டோ அருளானந்தர் ஆனார்! மதுரை மிஷனுக்கு வந்த கான்ஸ்டன்சோ பெஸ்கி தைரியநாதர் ஆனார். அவர்தான் வீரமாமுனிவர்!

அடுத்த முறை ஒரு முடியப்பனைச் சந்தித்தால் மறக்காமல் சொல்லுங்கள்: அவர் பெயரின் கிரேக்க வேருக்கு வயது 2,000 ஆண்டுகளுக்கும் மேல்!