"இப்போதைய" என்ற சொல் செய்யும் குழப்பம்

நம் எல்லைப்புறப் பிள்ளைகள் பலர் இன்று கணினித் துறைக்குப் போகிறார்கள். சித்தூரிலிருந்தும் தேவிகுளத்திலிருந்தும் பீர்மேட்டிலிருந்தும் கல்லூரிக்குச் செல்லும் அவர்களுக்காக, புரோகிராம் எழுதுவதில் உள்ள ஓர் அடிப்படைப் பாடத்தை இங்கே விளக்க முற்படுகிறோம். கணினி பழகாத பெரியவர்களும் தயங்காமல் படிக்கலாம். இதே சிக்கல் அரசு அலுவலகத்திலும் வரக்கூடியதே.

முதலில் அலுவலகத்தையே பார்ப்போம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் தம் மொழியில் எழுத வழி செய்கிறது. பதிலும் அம்மொழியிலேயே வர வேண்டும்.

இதை நடைமுறைப்படுத்த ஓர் அலுவலகம் சுவரில் பலகை மாட்டி, அதில் "இப்போதைய மொழி" என்று எழுதி வைப்பதாகக் கற்பனை செய்யுங்கள். தமிழ் மனு வந்தால் "தமிழ்" என்றும், மலையாள மனு வந்தால் "மலையாளம்" என்றும் மாற்றுவார்கள். எழுத்தர்கள் பலகையைப் பார்த்துப் பதில் எழுதுவார்கள். ஒரே ஜன்னல் இருக்கும்வரை தொல்லையில்லை. இரண்டாவது ஜன்னல் திறந்ததும் வருகிறது வினை! உள் அறையில் ஒருவர் தமிழ் மனுவுக்குப் பதிலைத் தொடங்குமுன், வெளியே ஒருவர் பலகையை மாற்றிவிடுகிறார். தமிழ் மனுவுக்கு மலையாளத்தில் பதில் போகிறது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் மனுதாரரின் உரிமை போயிற்று.

இதற்குத் தீர்வு எளிது. ஒவ்வொரு கோப்பின் மேலட்டையிலும் அதன் மொழியை எழுதிவிட்டால் போதும். கோப்பு எங்கே போனாலும் விவரமும் கூடவே போகும். சுவரைப் பார்க்கும் வேலையே இல்லை.

கணினியில் அந்தச் சுவர்ப் பலகைக்குப் பொது மாறி, அதாவது குளோபல் வேரியபிள் என்று பெயர். மேலட்டைக் குறிப்புக்கு அளபுரு, அதாவது பாராமீட்டர் என்று பெயர்.

இனி உண்மையான நிகழ்ச்சிக்கு வருவோம். ஜிடிபி என்பது ஒரு டிபக்கர். தமிழில் பிழைதிருத்தி எனலாம். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நிறுத்தி, நினைவகத்தில் எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று காட்டுவது அதன் பணி. 1986இல் இதை உருவாக்கியவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தவரும் அவரே.

பிழைதிருத்தி தவறாகக் காட்டினால் என்னாகும்? வேறொருவரின் இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து மருந்து எழுதுவது போலாகும். பிழையில்லாத இடத்தைத் திருத்திக்கொண்டிருப்போம். உண்மையான பிழை அப்படியே இருக்கும்.

ஜிடிபி பிறந்த காலத்தில் அது ஒரு சமயத்தில் ஒரே புரோகிராமை, ஒரே வகைச் செயலியில் பார்த்தது. எனவே "இப்போதைய செயலி வகை" எது என்பதைப் பின்னாளில் ஒரு பொது மாறியில் வைத்தபோது அது வசதியாகவே இருந்தது. அந்த மாறியின் பெயர் கரண்ட்-ஜிடிபிஆர்ச்.

செல் என்னும் சிப் வந்ததும் அந்த வசதி வினையாயிற்று. 2006இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவியில் இருந்தது இந்தச் சிப்தான். அதில் ஒரு பொதுச் செயலியும், வேறு இனத்தைச் சேர்ந்த பல துணைச் செயலிகளும் உண்டு. துணைச் செயலி ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் சொந்த நினைவகம், 128 பதிவகங்கள். ஒரே புரோகிராம் இரண்டு இனங்களிலும் ஓடும். ஒருவரே ஒரே பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவதைக் கேட்டுப் பழகிய நமக்கு இது புதிதல்ல.

இங்கே 4096 என்ற முகவரி பொது நினைவகத்தில் ஓர் இடம்; துணைச் செயலியின் நினைவகத்தில் வேறோர் இடம். "எந்தச் செயலியின் 4096?" என்பதற்குச் சுவர்ப் பலகையைப் பார்த்தால் விடை தவறலாம்.

ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த உல்ரிச் வைகண்ட் உள்ளிட்டோர் இதைச் சீர்செய்தார்கள். இத்தகைய வேலையை ஒரே நாளில் செய்ய முடியாது. முதலில் அடிமட்டத்தில் உள்ள ஒரு செயற்கூறு, செயலி வகையை அளபுருவாகக் கேட்டு வாங்கும்படி மாற்ற வேண்டும். அதை அழைப்பவர் தற்காலிகமாகப் பொது மாறியின் மதிப்பையே கொடுக்கலாம். பிறகு அழைப்பவரையும் அவ்வாறே மாற்ற வேண்டும். இப்படிப் படிப்படியாக மேலே ஏறினால், கடைசியில் பொது மாறியைத் தேடுவார் எவருமிலர், அதை நீக்கிவிடலாம். 2009 அக்டோபரில் வந்த 7.0 பதிப்பு, இருவகைச் செயலிகளில் ஓடும் புரோகிராம்களையும் ஆராயும் திறனைப் பெற்றது.

இதற்கு விலையும் உண்டு. இடையிலுள்ள செயற்கூறுகள் தமக்குத் தேவையில்லாத விவரத்தையும் தபால்காரரைப் போலச் சுமக்க வேண்டியிருக்கிறது. ஆனால் எது எதை நம்பியிருக்கிறது என்பது வெளிப்படையாகத் தெரிகிறது. அது பெரிய ஆதாயம்.

செல் சிப்புக்கான ஆதரவு 2020இல் வந்த 9ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. அதற்காகச் செய்த சீர்திருத்தமோ நிலைத்துவிட்டது. 2010இல் பல புரோகிராம்களையும், 2020இல் வந்த 10ஆம் பதிப்பில் பல இலக்குகளையும் ஒருசேர ஆராயும் திறன் வந்தது. ஆயினும் "இப்போதைய" என்று தொடங்கும் மாறிகள் ஜிடிபியில் இன்னும் சில உள்ளன. அவற்றைக் குறைக்கும் பணி தொடர்கிறது.

"இப்போதைய" என்ற சொல்லே கூடாது என்பதில்லை. விசைப்பலகையின் முன் அமர்ந்திருப்பவருக்கு "இப்போது நான் பார்க்கும் புரோகிராம்" என ஒன்று வேண்டும். அது ஜன்னலில் இருக்கட்டும்; உள் அறைக்குப் போகும்போது கோப்பின் மேல் பெயரெழுதி அனுப்ப வேண்டும் என்பதே பாடம்.

ஜிடிபியின் மூல நிரல் எவரும் இலவசமாகப் பெற்றுப் படிக்கக்கூடியது. கட்டற்ற மென்பொருளைப் பள்ளியிலேயே பழகிய கேரள மாணவர்களுக்கு அது எட்டாக்கனி அல்ல. நம் பிள்ளைகள் அதைத் திறந்து, ஒரு பொது மாறி எங்கெல்லாம் பயன்படுகிறது என்று தேடிப் பார்க்கட்டும். அதுவே நல்ல தொடக்கம்.