மலைப்பயணத்திற்கு முன் மாற்றவேண்டிய ஒரு வடிகட்டி



பள்ளி விடுமுறை அறிவிக்கப்பட்டதும் சென்னை, கோவை, பெங்களூரு போன்ற நகரங்களில் வாழும் நம் குடும்பங்களில் பல, சொந்த ஊரை நோக்கிப் புறப்படுகின்றன. இடுக்கி மாவட்டம் சாந்தன்பாறையைப் பூர்வீகமாகக் கொண்டோர் தேனி, போடிநாயக்கனூர் வழியாக முந்தலை அடைந்து, அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டைக் கடந்து, பூப்பாறையில் நெடுங்கண்டம் சாலைக்குத் திரும்பி வீடு சேருவார்கள். புறப்படுமுன் டயரில் காற்றுப் பார்க்கிறோம். பிரேக், எஞ்சின் ஆயில், ரேடியேட்டர் நீர் ஆகியவற்றைச் சரிபார்க்கிறோம். ஆனால் அத்தனை மணி நேரம் காருக்குள் அடைபட்டிருக்கும் பிள்ளைகளும் பெரியோரும் எந்தக் காற்றைச் சுவாசிக்கப் போகிறார்கள் என்பதைப் பார்ப்பவர் மிகச் சிலரே.

அந்தக் காற்றைச் சுத்திகரிக்கும் பொறுப்பு, இரு கையளவே உள்ள ஒரு மடிப்புத் தாள் போன்ற பொருளிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கேபின் ஏர் ஃபில்டர். உதிரிபாகக் கடைகளில் 'ஏசி ஃபில்டர்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். எஞ்சினுக்குள் செல்லும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டர் வேறு, இது வேறு. அது பானெட்டுக்கு அடியில் இருப்பது, எஞ்சினைக் காப்பது. இது பெரும்பாலான கார்களில் முன்னிருக்கைப் பயணியின் முழங்காலுக்கு எதிரே, பொருள்கள் வைக்கும் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருப்பது, மனிதரைக் காப்பது.

நகரத்துத் தூசியும் மலையின் ஈரமும்

காரின் முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் பொருத்தப்பட்டிருக்கும் இடத்தில் ஒரு சல்லடை போன்ற பகுதி உண்டு. வெளிக்காற்று அதன் வழியாகவே உள்ளே இழுக்கப்படுகிறது. அவ்வாறு வரும் காற்று வடிகட்டியின் மடிப்புகளுக்கிடையே நுழைந்து, புளோவர் விசிறியின் உந்துதலால் ஏசியின் கூலிங் காயிலைக் கடந்து நம் முகத்தை வந்தடைகிறது. வடிகட்டி செயற்கை நாரிழைகளால் ஆனது. பலவற்றில் இழைகளுக்கு நிலைமின்னூட்டம் ஏற்றப்பட்டிருப்பதால், இழைகளின் இடைவெளியைவிடச் சிறிய தூசியையும் அது ஈர்த்துப் பிடிக்கிறது. மகரந்தம், மண்தூசி, பூச்சிகள் ஆகியவற்றை எளிதில் தடுத்துவிடும். பிஎம் 2.5 எனப்படும், 2.5 மைக்ரான் அளவும் அதற்குக் குறைவானதுமான நுண்துகள்களை வடிகட்டியின் தரத்திற்கேற்ப ஒரு பகுதியே தடுக்கும். இத்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை செல்லக்கூடியவை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு கன மீட்டர் காற்றில் இவற்றின் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது. நம் நாட்டில் 2009-இல் வகுக்கப்பட்ட வரம்போ 40 மைக்ரோகிராம். நகரச் சாலைகளில் லாரியின் பின்னால் ஊர்ந்து செல்லும்போது நாம் எதைச் சுவாசிக்கிறோம் என்பதை இவ்விரு எண்களையும் கொண்டு சிந்தித்துப் பாருங்கள். 2018 ஜனவரி 13, போகி அன்று சென்னையில் எழுந்த புகைமூட்டத்தால் விமானங்களே தரையிறங்க இயலாமல் வேறு நகரங்களுக்குத் திருப்பிவிடப்பட்டன என்பதும் நினைவிருக்கலாம்.

நகரத்தில் ஓராண்டு ஓடிய காரின் வடிகட்டி, சாம்பல் நிறத்தில் தூசியடைத்து நிற்கிறது. அதே காரை ஜூன், ஜூலை மாதங்களில் சாந்தன்பாறைக்குக் கொண்டு செல்கிறோம். தென்மேற்குப் பருவமழை விடாது பெய்யும் காலம் அது. ஏலத்தோட்டத்தின் நிழல்மரங்களுக்கு அடியில் வண்டியை நிறுத்துகிறோம். நனைந்த இலைகளும் சருகுகளும் வைப்பரின் அடியில் விழுந்து மட்குகின்றன. தூசிக்கு ஈரம் சேர்ந்தால் பூஞ்சணம் பிடிக்கிறது. ஊரிலிருந்து திரும்பும் வழியில் ஏசியைப் போட்டதும் நனைந்த துணியின் நாற்றம் எழுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். வாசனைத் திரவியப் புட்டியை வாங்கி மாட்டுவதால் நாற்றம் மறையுமேயன்றிப் பூஞ்சணம் மறையாது. ஆஸ்துமா, தும்மல், மூக்கடைப்பு உடையோர்க்கு அது துன்பத்தையே கூட்டும். உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிடச் சிறுபிள்ளைகள் அதிகக் காற்றைச் சுவாசிப்பவர்கள் என்பதையும் மறவாதிருங்கள்.

மூடுபனியில் ஓர் ஆபத்து

இது மூக்கைப் பற்றிய காரியம் மட்டுமன்று, கண்ணைப் பற்றியதுமாகும். போடிமெட்டு மலைப்பாதையில் மழையும் மூடுபனியும் சேர்ந்து இறங்கும் மாலை வேளையை எண்ணிப் பாருங்கள். வெளியே குளிர், உள்ளே ஐந்து பேரின் மூச்சு. அந்த மூச்சின் ஈரம் குளிர்ந்த முன்கண்ணாடியின் உட்புறத்தில் படிந்து, சில நிமிடங்களில் பாதையை மறைத்துவிடும். அதைப் போக்கும் வழி, ஏசியை இயக்கி, வெளிக்காற்றை உள்ளே வரவிட்டு, புளோவரின் காற்றைக் கண்ணாடியை நோக்கித் திருப்புவதே. ஏசி காற்றிலுள்ள ஈரத்தை வற்றச்செய்கிறது. வேகமாக வீசும் உலர்ந்த காற்று கண்ணாடியைத் துடைக்கிறது. வடிகட்டி அடைத்திருந்தாலோ புளோவரை நான்காம் எண்ணில் வைத்தாலும் காற்று முனகிக்கொண்டே வரும். ஓட்டுநர் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறுகையில் துணியையும் பிடித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வளைவில் திரும்பும் நிலை அப்போது ஏற்படுகிறது.

சமவெளியின் வெப்பமான மழைநாளில் இதற்கு நேர்மாறாகவும் நிகழும். ஏசியின் குளிரால் கண்ணாடி குளிர்ந்து, வெளிப்புறத்தில் பனி படியும். அப்போது வைப்பரை இயக்கி, கண்ணாடிமேல் நேராக வீசும் குளிர்காற்றைக் குறைத்தாலே போதும். விரலால் தொட்டுப் பார்த்தால் பனி உள்ளேயா வெளியேயா என்பது விளங்கிவிடும்.

மாற்றும் முறை

இதற்கென்று பணிமனைக்குச் செல்லவேண்டிய அவசியம் பெரும்பாலான கார்களில் இல்லை. சிறு கார்களுக்கான சாதாரண வடிகட்டி சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. காரின் பெயர், மாடல், தயாரிப்பு ஆண்டு ஆகிய மூன்றையும் சொல்லி வாங்குங்கள். பழையதைக் கழற்றி அளவு ஒப்பிட்டு வாங்குவது இன்னும் நலம். முகக்கவசமும் கையுறையும் அணிந்துகொண்டு, வெளிச்சமான இடத்தில் பின்வருமாறு செய்யலாம். எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

1. கிளவ் பாக்ஸிலுள்ள பொருள்களை முழுவதும் அகற்றுங்கள். அதன் ஒரு பக்கத்தில் மூடியை மெதுவாக இறங்கச்செய்யும் சிறு கம்பியோ கயிறோ இருந்தால், அதன் கொக்கியைக் கழற்றுங்கள்.

2. பெட்டியின் இரு பக்கங்களையும் உள்நோக்கி அழுத்துங்கள். தடுப்புகள் விடுபட்டுப் பெட்டி கீழே தொங்கும். ஹூண்டாய் ஐ10, ஐ20 போன்ற கார்களில் இவ்வளவே. சில கார்களில் திருகாணிகள் இருக்கும். வேறு சிலவற்றில் வடிகட்டியின் இடமே வேறாக இருக்கும். காரோடு தரப்பட்ட கையேட்டை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. உள்ளே நீள்சதுர வடிவில் ஒரு பிளாஸ்டிக் மூடி தெரியும். அதன் ஓரத்துக் கிளிப்பை அழுத்தி இழுத்தால் வந்துவிடும்.

4. வடிகட்டியை வெளியே எடுக்குமுன், அதன் விளிம்பில் அச்சிடப்பட்டுள்ள அம்புக்குறி எத்திசையை நோக்குகிறது என்று கவனியுங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது உதவும். பின்பு அசைக்காமல் மெதுவாக வெளியே இழுங்கள். மேலே தங்கியுள்ள சருகுகள் புளோவருக்குள் விழுந்தால், பிறகு அது கடகடவென்று ஒலிக்கும்.

5. வடிகட்டி இருந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள். எலிப்புழுக்கையோ கூடு கட்டிய வைக்கோலோ காணப்பட்டால் வெறுங்கையால் தொடவேண்டாம். உலர்ந்த நிலையில் கூட்டித் தூசி எழுப்பவும் வேண்டாம். கிருமிநாசினியால் நனைத்து, ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள். தோட்டங்களில் பல நாள் நின்ற வண்டிகளில் இது அரிதன்று.

6. புதிய வடிகட்டியின் அம்புக்குறி, காற்று செல்லும் திசையை நோக்குமாறு பொருத்துங்கள். வடிகட்டியின் இரு பக்கங்களும் ஒரே விதமாக அமைந்தவை அல்ல; திசை மாறினால் அது தன் வேலையைச் சரிவரச் செய்யாது. மூடியையும் பெட்டியையும் முன்போலவே மாட்டுங்கள்.

7. எஞ்சினை இயக்கிப் புளோவரை ஒவ்வொரு எண்ணாக உயர்த்திப் பாருங்கள். காற்றின் வேகம் கூடியிருப்பதைக் கையே உணரும்.

முதல் முறை அரைமணி நேரம் ஆகலாம். அடுத்த முறை பத்து நிமிடம் போதும். விலை குறைந்த சில மாடல்களில் வடிகட்டிக்கான இடம் மட்டும் விடப்பட்டு, வடிகட்டி பொருத்தப்படாமலே வண்டி விற்கப்பட்டதுண்டு. அத்தகைய கார்களில் பிளாஸ்டிக் மூடியை வெட்டியே பொருத்தவேண்டியிருக்கும். அதை மட்டும் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுவது நல்லது.

செய்யலாகாதவை

பழைய வடிகட்டியை நீரில் அலசி வெயிலில் உலர்த்தி மீண்டும் போடும் பழக்கம் பலரிடம் உண்டு. சிக்கனம் நல்லதே, இங்கு அது பயன்தராது. நீர் பட்டால் இழைகளின் மின்னூட்டம் குன்றும், மடிப்புகள் தளரும், ஈரம் உள்ளே தங்கினால் பூஞ்சணத்திற்கு அதுவே வாசல். கம்ப்ரெஸர் காற்றால் ஊதினால் இழைகள் கிழிந்து, கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழும். கழுவத்தக்கது என்று தயாரிப்பாளரே அறிவித்த வகையைத் தவிர மற்றவற்றைக் கழுவவேண்டாம். மேலாகத் தங்கிய சருகை மட்டும் தட்டி நீக்கலாம்.

கறுப்பு நிறமுள்ள கார்பன் வடிகட்டி சற்று விலை கூடியது. அதிலுள்ள கரித்துகள் புகை நாற்றத்தையும் சில வாயுக்களையும் ஈர்த்துக்கொள்கிறது. நகர நெரிசலில் அன்றாடம் செல்வோர்க்கு அது ஏற்றது. ஆயினும் மிக அடர்த்தியான வடிகட்டியைத் திறன் குறைந்த புளோவருள்ள காரில் போட்டால் காற்று குறைந்துவிடும். ஏலத்தோட்டங்களில் மருந்து தெளிக்கும் வேளையில் அவ்வழியே செல்ல நேர்ந்தால், கண்ணாடிகளை ஏற்றி, உட்சுழற்சிப் பொத்தானை அழுத்திச் சற்று நேரத்தில் கடந்துவிடுங்கள். எந்த வடிகட்டியும் மருந்தின் ஆவியை முழுமையாகத் தடுக்கும் என்று நம்பலாகாது.

வடிகட்டி காக்க இயலாத ஒன்று

இதனை ஒவ்வொரு குடும்பத்தலைவரும் கருத்தாய் வாசிக்கவேண்டும். எரிபொருள் சரிவர எரியாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. கார்பன் வடிகட்டியாலும் அதைத் தடுக்க இயலாது. 2024 டிசம்பரில், கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த கேரவன் வண்டிக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே கசிந்த இவ்வாயுவே காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது. நெடும்பயணத்தின் களைப்பில் சாலையோரம் வண்டியை நிறுத்தி, எஞ்சினையும் ஏசியையும் ஓடவிட்டுக் கண்ணாடிகளை அடைத்து உறங்குவோர் உண்டு. அவ்வாறு ஒருபோதும் செய்யாதீர்கள். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடவும் வேண்டாம். உறங்கவேண்டுமானால் எஞ்சினை நிறுத்தி, கண்ணாடிகளைச் சற்று இறக்கிவிட்டு உறங்குங்கள்.

அதுபோலவே உட்சுழற்சிப் பொத்தானை மணிக்கணக்கில் அழுத்தியே வைத்திருப்பதும் நன்றன்று. நாம் வெளிவிடும் கரியமில வாயு உள்ளேயே கூடிக்கூடி, ஓட்டுநருக்குச் சோர்வையும் தூக்கக்கலக்கத்தையும் உண்டாக்கும். புகை மிகுந்த இடத்தைக் கடந்ததும் வெளிக்காற்றுக்கு மாற்றிவிடுங்கள்.

எப்பொழுது மாற்றுவது?

ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது ஏறத்தாழ 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது பொதுவான கணக்கு. உங்கள் காருக்குரிய அளவு கையேட்டில் இருக்கும். தூசி மிகுந்த நகரங்களில் வாழ்வோரும், வீட்டில் ஆஸ்துமா உடையோரும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை திறந்து பார்ப்பது நலம். மலைக்கு அடிக்கடி செல்வோர், மே மாத இறுதியில் மழைக்கு முன்பாகப் புதியதைப் பொருத்திக்கொண்டு, மழைக்காலம் ஓய்ந்தபின் ஒருமுறை ஈரமும் பூஞ்சணமும் இருக்கிறதா என்று பார்க்கலாம். புதிய வடிகட்டி போட்ட பின்பும் நாற்றம் நீங்காவிடில் பூஞ்சணம் கூலிங் காயிலில் பிடித்திருக்கக்கூடும். அதைச் சுத்தம் செய்வது மெக்கானிக்கின் பணி. பயணம் முடியுமிடத்திற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே ஏசியை அணைத்து, வெறும் புளோவரை ஓடவிட்டால் காயில் உலர்ந்து, இத்தொல்லை குறையும்.

புதிய வடிகட்டியைப் பொருத்துமுன், அதன் விளிம்பில் அன்றைய தேதியையும் கிலோமீட்டர் கணக்கையும் பேனாவால் எழுதிவையுங்கள். பள்ளி செல்லும் பிள்ளைகளை அருகில் நிறுத்தி, கழற்றிய பழைய வடிகட்டியைக் காட்டுங்கள். அதன் மடிப்புகளில் படிந்திருப்பது கடந்த ஓராண்டில் அவர்களுடைய மூச்சுக்குள் போகாமல் தடுக்கப்பட்டது என்று சொல்லிக்கொடுங்கள். அடுத்த ஆண்டு மே மாதத்தில் அவர்களே உங்களுக்கு நினைவூட்டுவார்கள்.