கணக்கு இனிக்குது... சரித்திரம் கசக்குது!
பிடிக்காத வகுப்பு படுத்தும் பாடு

கடப்பாக்கம் பஸ் நிறுத்தம். காலை நேரம். செங்கல்பட்டு, திண்டிவனம், புதுச்சேரி என்று கல்லூரிக்குப் போகும் மாணவ-மாணவிகள் பையும் டிபன் பாக்சுமாக நிற்பார்கள்.

"எந்த வகுப்பு பிடிக்கும்? எது பிடிக்காது?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்குக் கொஞ்சம் யோசிப்பார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் 'டக்'கென்று வந்து விழும்!

கணக்கில் புலியாக இருப்பவருக்கு, தமிழ்ச் செய்யுள் என்றால் கொட்டாவி. வணிகவியல் படிப்பவருக்குக் கணக்குப் பதிவு தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷ் பேப்பர் என்றால் குலை நடுக்கம். சரித்திரமா? "செத்துப்போன ராஜா கதை எதுக்கு சார்?" என்பார்கள்.

இது இன்று நேற்று வந்த வியாதி அல்ல. கணித மேதை ராமானுஜத்தையே பாடாய்ப் படுத்தியது!

ஸ்காலர்ஷிப் போச்சு!

1904-ம் ஆண்டு. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையோடு எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார் ராமானுஜம். கணக்கு என்றால் அவருக்கு உயிர். மற்ற வகுப்புகளில்? அங்கேயும் உட்கார்ந்து கணக்குத்தான் போட்டார்!

ஆங்கிலத்தில் தவறினார். உதவித்தொகை பறிபோனது. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார்.

திரும்பி வந்து 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். கணிதப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாருக்கு இவர் செல்லப்பிள்ளை. ஆனால் உடலியல் வகுப்பு வேப்பங்காய்! சாப்பாடு செரிக்கும் விதத்தைச் சொல்லும் பாடம், அவருக்குச் செரிக்கவே இல்லை.

எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் அந்தக் காலத்தில் தேர்ச்சி. 1906-ல் தோல்வி. 1907-ல் மறுபடியும் தோல்வி. பட்டம் இல்லாமலே வெளியே வந்தார்.

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. மாதச் சம்பளம் 30 ரூபாய். 1913-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம்தான் கை கொடுத்தது. 1918-ல் எப்.ஆர்.எஸ். என்ற பெரிய கவுரவம் தேடி வந்தது. 1920-ல், 32 வயதில் மறைந்தார்.

"ராமானுஜமே பெயிலு, நான் ஆனா என்ன?" என்று காலரைத் தூக்கிவிடும் தம்பிக்கு ஒரு வார்த்தை: எல்லோருக்கும் ஒரு ஹார்டி கிடைக்க மாட்டார்!

ஒரே ஒரு 'அரியர்'

இன்று தவறிய பாடத்தை மட்டும் திரும்ப எழுதலாம். ஆனாலும் ஆபத்து தீரவில்லை. எல்லாம் பாஸ், ஒரே ஒரு பேப்பர் நிற்கிறது என்றால், பட்டம் கைக்கு வராது. பட்டம் கேட்கும் வேலைக்கு மனுப் போட முடியாது. கடலுக்கும் உப்பளத்துக்கும் போய் அப்பா கட்டிய பீஸ் என்ன ஆவது?

பிடிக்காத பாடத்தைப் பிடிக்க வைக்க வழி உண்டா? கடப்பாக்கத்துக்காரர்களுக்கு வழி பக்கத்திலேயே இருக்கிறது.

கோட்டையே வகுப்பு!

ஊருக்குக் கிழக்கே, கழிமுகத்தை ஒட்டி இடிந்து நிற்கிறதே ஆலம்பரைக் கோட்டை... ஞாயிற்றுக்கிழமை 'போட்டோ' பிடிக்கப் போகிறோமே, அதேதான்.

1750-ல் சுபேதார் முசாபர் ஜங் அந்தக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்தார். புதுச்சேரி கவர்னர் டூப்ளே செய்த உதவிக்குப் பரிசு! 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். மிச்சம் நின்றதை 2004 சுனாமியும் பதம் பார்த்தது. கர்நாடகப் போர் என்று வகுப்பில் தூக்கம் வரவழைக்கும் பாடம் இதுதான். அந்த மதிலில் சாய்ந்து நின்று படித்தால், வருஷங்கள் மறக்குமா?

தமிழ்ச் செய்யுள் கசக்கிறதா? கடப்பாக்கம் எந்தப் பேரூராட்சியில் இருக்கிறது? இடைக்கழிநாடு. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையின் 269 அடிகளைப் பாடியவர் யார்? இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார்! நம்ம ஊர்க்காரர்!

அந்தப் பாட்டில் பரிசு வாங்கப் போகும் பாணனுக்குக் கடற்கரையிலிருந்து வழி சொல்கிறார் புலவர். ஓய்மான் நல்லியக்கோடனின் 'கிடங்கில்' ஊரும் அதில் வருகிறது. அது இன்றைய திண்டிவனத்தை ஒட்டிய இடம். திண்டிவனம் பஸ்சில் தினமும் போகிறவர்கள் அந்தப் பாணன் போன பக்கம்தான் போகிறார்கள், தெரியாமலே!

பல நேரம் கசப்பது பாடம் அல்ல. "இது உன் ஊர்க் கதைடா" என்று சொல்ல ஆள் இல்லாததுதான் கசப்பு. ஆசிரியர்கள் அதை ஒரு வார்த்தை சொன்னால், கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

அதோ, பஸ் வந்தாச்சு. ஏறுங்க தம்பி! ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால், இன்றைக்கு அந்தப் பிடிக்காத புத்தகத்தையே முதலில் பிரிங்க.