இரும்புச் சத்து உடலிற் சேரும் விதம்

நம் சங்க அங்கத்தினர்களிற் சிலர், தம் வீட்டுக் கர்ப்பிணிகளுக்குச் சுகாதார நிலையத்திற் கொடுக்கப்படும் இரும்புச் சத்து மாத்திரைகளால் யாதொரு பயனும் காணோம் என்று குறை கூறுவதுண்டு. பல சமயங்களில் குற்றம் மாத்திரையில் இல்லை. உட்கொள்ளும் முறையிலேயே இருக்கிறது.

வளர்ந்த மனிதனுடைய தேகத்திலுள்ள இரும்பு முழுவதும் சுமார் 3 அல்லது 4 கிராமே. அதிற் பெரும்பாகம் இரத்தத்தின் சிவப்பணுக்களில் தங்கி, சுவாசப்பையினின்று பிராணவாயுவை ஏந்திச் சென்று அங்கமெங்கும் சேர்ப்பிக்கிறது. நாள்தோறும் உடலினின்று கழிவது ஏறக்குறைய 1 மில்லிகிராம். மாதவிலக்குள்ள ஸ்திரீகளுக்கு இது அதிகம். கர்ப்பிணிகளின் தேவையோ பன்மடங்கு. இரத்தம் மிகக் குறைந்த நிலையில் பிரசவிக்கும் ஸ்திரீ, பிறர் தாங்கக்கூடிய இரத்தப் போக்கினாலும் உயிரிழக்க நேரிடலாம்.

உண்ட இரும்பு இரைப்பையின் அமிலத்திற் கரைந்து, அதற்கடுத்த சிறுகுடலின் முற்பகுதியில் உறிஞ்சப்படுகிறது. மாமிசத்திலுள்ள இரும்பு எளிதிற் சேரும். கீரை, தானியம், பயறு ஆகியவற்றிலுள்ளதிற் சிறு பாகமே சேரும். தவிட்டிலுள்ள பைட்டிக் அமிலம் அதனைப் பற்றிக்கொள்வதும் ஒரு காரணம். தேநீரும் காப்பியும் அவ்வாறே பற்றி, மலத்தோடு வெளியேற்றிவிடும். ஆகவே மாத்திரையைக் காப்பியுடன் விழுங்குவது, விதைத்த கையாலேயே விதையைப் பொறுக்கி எடுப்பதை ஒக்கும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் வேறு வேளையிற் கொள்ளுக. நெல்லிக்காயும் எலுமிச்சஞ்சாறும் இத்தடையைப் பெரிதும் நீக்கும். கேழ்வரகை முளைகட்டுவதும் மாவைப் புளிக்கவைப்பதும் பைட்டிக் அமிலத்தைக் குறைக்கும். நம் பாட்டிமார் காரணம் அறியாமலே செய்துவந்த காரியம் இது.

அதிகம் உட்கொண்டால் அதே விகிதத்தில் அதிகம் சேரும் என்பதும் தவறு. கல்லீரலிற் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் பொருள், இரும்பு குடலினின்று இரத்தத்திற் புகும் வாயிலை அடைக்க வல்லது. ஒரு மாத்திரை உட்கொண்டபின் சுமார் ஒரு நாள் வரை இது மிகுந்து நிற்கும். காய்ச்சற் காலத்திலும் மிகும். இரும்பு குறைந்த, கர்ப்பமுறாத ஸ்திரீகளுக்கு ஒன்றுவிட்டொரு நாள் கொடுத்ததில், ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலான பங்கு சேர்ந்ததாக 2017-இல் வெளியான ஸ்விட்ஜர்லாந்து ஆராய்ச்சி கூறுகிறது. எனினும் கர்ப்பிணிகள் இதைக் கேட்டுத் தாமாக நாள் விடலாகாது. வைத்தியர் விதித்தபடியே உட்கொள்ளல் வேண்டும்.

கொக்கிப் புழு குடலிலிருந்து இரத்தத்தை உறிஞ்சுமாயின், எத்தனை மாத்திரை தின்றும் ஓட்டைக் குடத்தில் நீர் வார்த்த கதையே. வெறுங்காலுடன் மலங்கழிக்கும் இடங்களில் நடப்பதால் அது தொற்றும். முதலிற் புழுவுக்கு மருந்து பெறுக.

மாத்திரை உண்போர்க்கு மலம் கறுப்பது இயல்பே. அஞ்சி நிறுத்த வேண்டுவதில்லை. ஆனால் மாத்திரைகளைப் பெட்டியிற் பூட்டி வைக்கவும். மிட்டாய் என்றெண்ணிக் குழந்தை பல மாத்திரைகளை விழுங்கிவிடின் உயிருக்கே அபாயம்; வாந்தி வரும்வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுக.