சுத்தியலும் நெருப்பும் செய்த வெள்ளிப் பூ

தட்டையான வெள்ளித் தகட்டைச் சுத்தியலால் அடித்து அடித்தே பூப்போன்ற கோப்பையாக்க முடியுமா? 16ஆம் நூற்றாண்டில், ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் பொற்கொல்லர்களுக்கு அதுதான் தேர்வு! வேலை கற்றவர் தலைமைக் கைவினைஞராக வேண்டுமானால் மூன்று பொருள்கள் செய்துகாட்ட வேண்டும்: கல் பதித்த தங்க மோதிரம், முத்திரை அச்சு, கொலம்பைன் மலரின் வடிவில் ஒரு வெள்ளிக் கோப்பை. அப்படியொரு கோப்பையை லண்டனில் உள்ள விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

அந்தக் கோப்பையின் பக்கங்களைப் பாருங்கள். இதழ் இதழாகப் புடைத்து, இடுப்பில் ஒடுங்கி, வாய்ப்பக்கம் மறுபடி விரிகிறது. தகடு கிழியாமல் இத்தனை வளைவுகள் எப்படி வந்தன?

வெள்ளியின் அணுக்கள் அடுக்கடுக்காக, ஒழுங்காக அமைந்திருக்கும். ஒவ்வோர் அணுவையும் 12 அணுக்கள் சுற்றியிருக்கும். சுத்தியல் அடி விழும்போது அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. அதனால்தான் வெள்ளி உடையாமல் வளைகிறது.

அணு வரிசைகளில் ஆங்காங்கே சிறு பிசகுகள் உண்டு. அடுக்குகள் வழுக்குவதற்கு உதவுபவை இவைதான். ஆனால், அடிக்க அடிக்க இந்தப் பிசகுகள் பெருகி, நூல் சிக்கிக்கொள்வதுபோல ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. பிறகு அடுக்குகள் நகர முடியாது. வெள்ளி விறைத்துப்போகும். அதற்கு மேலும் அடித்தால் விரிசல் விடும்!

இப்போது உதவிக்கு வருவது நெருப்பு. வெள்ளியைச் சுமார் 650 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால், அணுக்கள் வேகமாக அதிர்ந்து இடம் மாறுகின்றன. சிக்கல் இல்லாத, ஒழுங்கான அணு அடுக்குகள் கொண்ட புதிய படிகங்கள் உருவாகின்றன. வெள்ளி பழையபடி மென்மையாகிவிடும். மறுபடி சுத்தியல், மறுபடி நெருப்பு. இப்படிப் பலமுறை நடந்தால்தான் கோப்பை உருவாகும்.

அந்தக் காலத்தில் இந்த வெப்பத்தை அளக்கக் கருவி கிடையாது. வெளிச்சம் குறைந்த இடத்தில் வெள்ளியைக் காய்ச்சி, அது மங்கலான சிவப்பாக ஒளிர்வதைக் கண்ணால் பார்த்தே நெருப்பிலிருந்து எடுப்பார்கள். சூடு மிகுந்தால் உருகி, உழைப்பெல்லாம் வீணாகிவிடும். எப்போது அடிப்பதை நிறுத்த வேண்டும், எப்போது நெருப்பிலிருந்து எடுக்க வேண்டும் என்று அறிந்தவரே தேர்வில் வெல்ல முடியும்.

வெள்ளியைப் போலவே செம்பும் விறைத்துப்போகும். நீங்களும் சோதித்துப் பாருங்கள். மின் இணைப்பில் இல்லாத, தடிமனான ஒற்றைச் செம்புக் கம்பித் துண்டு ஒன்றைப் பெரியவர்களிடம் கேட்டு வாங்குங்கள். மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறையை அவர்களையே நீக்கித் தரச் சொல்லுங்கள். கம்பியை நடுவில் வளைத்துவிட்டு, இரு முனைகளையும் பிடித்து நிமிர்த்துங்கள். வளைந்த இடம் முழுதாக நிமிராது. அதற்குப் பக்கத்தில் உள்ள இடம் வளையும். ஏன் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்!